லிங்கதுரையின் நம்பரில் ஒரு நாய்

முன்னொரு காலத்தில் அல்ல, போன வருஷம்தான். ஒரு துறைமுக ஊரில், ஒரு தெருநாயின் தோலுக்கு அடியில் ஒரு மைக்ரோசிப் குடியிருந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். அதன் பெருமையோ அந்த நாயைவிடப் பெரியது.

நாயின் பெயர் சோடா. உப்புக்கிடங்குத் தெருப் பெட்டிக்கடை வாசலில் சிந்திக் கிடக்கும் பன்னீர் சோடாவை விடாமல் நக்கியதால் வந்த பெயர். வீடு என்று ஒன்று அதற்குக் கிடையாது. காலையில் வடை சுடும் ஜெபக்கனி ஏதாவது போடுவாள். மத்தியானம் மீன் ஏலக்கூடத்தில் தலையோ வாலோ கிடைக்கும். ராத்திரி ஆட்டோ ஸ்டாண்டில் ஏதாவதொரு ஆட்டோவுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

மாதா கோயில் திருவிழாவில் வெடி போட்டார்கள். சோடா பயந்து ஓடியது. தண்டவாளம் தாண்டி, புறவழிச்சாலை தாண்டி, தனக்கே தெரியாத இடத்துக்குப் போய் நின்றது. அங்கிருந்து நாய்க் காப்பகத்தின் வண்டி அதை ஏற்றிக்கொண்டு போனது.

காப்பகத்தில் பக்கத்துக் கூண்டில் ஒரு லாப்ரடார் இருந்தது. அதன் கழுத்துப் பட்டையில் எலும்பு வடிவத்தில் ஒரு பித்தளை டேக் தொங்கியது. டேக்குக்கு வாய் சும்மா இருக்காது. நாய் அசைந்தால் போதும், கிணுகிணு என்று பேச ஆரம்பித்துவிடும்.

"உன் நாயின் கழுத்தில் ஒன்றுமே இல்லையே, பாவம்" என்றது டேக்.

"நான் கழுத்தில் தொங்குகிறவன் இல்லை. உள்ளே இருக்கிறவன்" என்றது சிப். "பட்டை அறுந்தால் உன் கதை முடிந்தது. என்னை யாராலும் கழற்ற முடியாது. மழையில் துருப்பிடிக்க மாட்டேன். பேட்டரி கேட்க மாட்டேன். இந்த நாய் இருக்கிறவரை நான் இருப்பேன்."

"பெரிய ஆள்தான். சரி, இந்த நாய் யாருடையது?"

"என்னிடம் ஓர் எண் இருக்கிறது."

"எண் இருக்கட்டும். நாய் யாருடையது?"

"கேட்க வேண்டியவர்கள் கேட்டால் சொல்வேன்" என்று சிப் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உண்மையில் அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அதற்கு இல்லை.

கொஞ்ச நேரத்தில் காப்பகத்து ஊழியர் மும்தாஜ் வந்தார். டேக்கைத் திருப்பிப் பார்த்தார், அதில் வெட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் ஆகவில்லை, ஒரு குடும்பமே அழுதுகொண்டு வந்து லாப்ரடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. டேக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"வரட்டுமா, உள்ளே இருக்கிறவரே!" என்று கிணுகிணுத்துக்கொண்டே அது காரில் ஏறியது. கேலிதான், ஆனால் அதில் கெட்ட எண்ணம் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தவனின் குஷி.

இனி சிப்பின் முறை. மும்தாஜ் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு சோடாவிடம் வந்தார். தோள்பட்டைகளுக்கு நடுவில் அதை மெதுவாக நகர்த்தினார். பீப் என்றது. சிப் தன் எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தது. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் ஒரு பெயர் வந்தது: லிங்கதுரை. பக்கத்தில் ஒரு செல் நம்பர். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"பார்த்தாயா, தெருநாய் என்று நினைத்தார்கள்! என் நாய்க்கும் ஆள் இருக்கிறது!" என்று சிப் ஸ்கேனரிடம் துள்ளியது.

மும்தாஜ் போன் போட்டார்.

"சார், லிங்கதுரைங்களா?"

"ஆமா, யாரு?"

"சார், உங்க நாய் எங்ககிட்டதான் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடணும். வரும்போது ஆதார் கார்டு கொண்டு வாங்க."

 எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"எம்மா, எனக்கு நாயே கிடையாது. இதுல ஆதார் வேறயா? நல்லா வருவ தாயீ. வேற எவனாவது ஏமாந்தவன் இருப்பான், அவனைப் பாரு."

போன் துண்டானது. மும்தாஜ் திரும்பவும் போட்டுப் பார்த்தார். போகவில்லை. அந்த மனுஷன் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

கேட்க ஆளில்லாத நாய்களை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கொட்டகைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அங்கே வேளாவேளைக்குச் சோறு உண்டு. ஆனால் போன நாய் திரும்பி வந்ததில்லை. சாயங்கால வண்டியில் ஏற்ற வேண்டிய நாய்களில் சோடாவும் சேர்ந்தது.

"பொய் நம்பரையா வைத்துக்கொண்டு இத்தனை சவடால் அடித்தாய்?" என்று கேட்டது ஸ்கேனர்.

"நான் பொய் சொல்லவில்லை" என்றது சிப். "எனக்கு எண்தான் தெரியும். ஆளைத் தெரியாது." அன்று சிப்புக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

சிப் பொய் சொல்லவில்லைதான். நடந்தது வேறு. ஆறு மாதத்துக்கு முன்னால் உப்புக்கிடங்குத் தெருவில் தெருநாய்களுக்கு இலவசமாக ஊசியும் சிப்பும் போடும் முகாம் நடந்தது. ஜெபக்கனி சோடாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரைப் பதிய வேண்டும், அவர் போனுக்கு ஓ.டி.பி. வரும் என்றார்கள். ஜெபக்கனியின் போனில் சார்ஜ் இல்லை. மீன்காரப் பெண்களின் போன்கள் வீட்டில் இருந்தன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஆட்டோ ஓட்டும் லிங்கதுரை.

"அண்ணாச்சி, உம்ம நம்பரைக் கொஞ்சம் குடும்" என்றாள் ஜெபக்கனி. அவர் கொடுத்தார். ஓ.டி.பி. வந்தது, வாசித்துச் சொன்னார். அதோடு மறந்தும் போனார். மழை தூறியதால் முகவரியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிங்கதுரைக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். சின்ன வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். சோடா தன் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தால், அது தானாக எழுந்து போகிறவரை சவாரிக்கே போக மாட்டார். ஸ்டாண்டில் இதை வைத்து அவரை ஓட்டாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் பெயரில் ஒரு நாய்!

நம்பரை பிளாக் செய்துவிட்டுச் சவாரிகளையெல்லாம் முடித்து, சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் லிங்கதுரை ஸ்டாண்டுக்கு வந்தார். அவர் சட்டைப்பையில் கிடந்த செல்போனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த ஓ.டி.பி. எனக்குத்தான் வந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவர் தப்புச் செய்துவிட்டார்" என்று அது ஆட்டோ மீட்டரிடம் புலம்பியது.

பல வருஷமாக ஓடாத மீட்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "நம்மைக் கேட்டா இவர் எதையும் செய்கிறார்? நான் இங்கே ஒருவன் இருப்பதே இவருக்கு மறந்துபோச்சு."

"ஒரு நாயின் வாழ்க்கை ஐயா!"

"அப்படியென்றால் நீ பேசாதே, அவரைப் பேசவிடு. அவர் வாய்க்குள் எதுவும் தங்காது" என்று சொல்லிவிட்டு மீட்டர் திரும்பவும் தூங்கிவிட்டது.

மீட்டர் சொன்னது சரிதான். லிங்கதுரை ஆட்டோவை நிறுத்தியதும் முதல் காரியமாக வாயைத் திறந்தார்.

"ஏ, கேட்டியளா கூத்தை! ஆளைக் கடத்துன காலம் போயி இப்ப நாயைக் கடத்துதானுவ. உன் நாய் எங்ககிட்ட இருக்கு, சாயங்காலத்துக்குள்ள வா, ஆதாரைக் கொண்டான்னு ஒரு பொம்பளை பேசுதா. எனக்கு! நாயே இல்லாதவனுக்கு!"

ஸ்டாண்டே சிரித்தது. பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த ஜெபக்கனி சிரிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் இருந்த கரண்டியை அப்படியே விட்டாள். திருவிழா முடிந்ததிலிருந்து அவள் தெருத்தெருவாகச் சோடாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அவ என்ன பேரைச் சொன்னா? உம்ம பேரையா?"

"ஆமா, என் பேரைத்தான். எவனோ வித்திருக்கான் என் நம்பரை."

"எவனும் விக்கல. நீருதான அன்னைக்கு முகாம்ல நம்பர் குடுத்தீரு! அது நம்ம சோடா! ஐயோ, நம்ம பிள்ளை அங்க இருக்குன்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்காவ, நீரு கட் பண்ணிட்டு வந்து கதையா சொல்லுதீரு?"

லிங்கதுரையின் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்து பிளாக் செய்த நம்பரைத் திறந்து பேசினார். இடம் எது என்று கேட்டுக்கொண்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஜெபக்கனி அவர் ஆட்டோவில் ஏறினாள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு இன்னொரு ஆட்டோவில் ஏறினார்கள். பெட்டிக்கடைக்காரர் கடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மலைக்குப் போகும் வண்டி என்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது.

"நாய்க்கு ஓனர் யாரு?" என்று கேட்டார் மும்தாஜ்.

"நான்தான்" என்றாள் ஜெபக்கனி. "நாங்கதான்" என்றார்கள் மீன்காரப் பெண்கள். பெட்டிக்கடைக்காரரும் கையைத் தூக்கினார்.

"அப்படில்லாம் முடியாதுங்க. ரிக்கார்டுல லிங்கதுரைன்னு ஒருத்தர் பேருதான் இருக்கு. அவர் மட்டும் உள்ள வரணும், கையெழுத்துப் போடணும், அவர் கையாலயே கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு இது யாரையாவது கடிச்சா அவர்தான் பதில் சொல்லணும்."

எல்லோரும் லிங்கதுரையைப் பார்த்தார்கள்.

"மேடம், நான் சும்மா ஓ.டி.பி. மட்டும்தான்..."

"அப்போ ஆள் இல்லைன்னு போட்டு வண்டில ஏத்திரவா?"

ஜெபக்கனி வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

லிங்கதுரை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, எதற்கு என்று அவருக்கே தெரியாது, உள்ளே போனார்.

கூண்டுக்குள் சோடா மூலையில் சுருண்டு கிடந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. லிங்கதுரை தூரத்தில் வரும்போதே அது மூக்கைத் தூக்கியது. ஆட்டோப் புகையும் வியர்வையும் கலந்த அந்த வாசனை அதற்குத் தெரிந்ததுதான். அந்த வாசனைக்கு அடியில்தானே எத்தனையோ ராத்திரி தூங்கியது! மும்தாஜ் கதவைத் திறந்ததும் நேராக வந்து அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

லிங்கதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். கையை நீட்டி, கைக்கு எட்டிய இடத்தில் வைத்தார். அது சோடாவின் தோள்பட்டைகளுக்கு நடுவே, சரியாக சிப் இருந்த இடம். கை நடுங்கியது, ஆனால் அவர் அதை எடுக்கவில்லை. சிப் அந்த நடுக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"சோடா" என்றார் அவர். வால் தரையில் டப் டப் என்று அடித்தது.

மும்தாஜ் அவரை உற்றுப் பார்த்தார். "காலைல போன்ல எனக்கு நாயே கிடையாதுன்னு சொன்னது நீங்கதான சார்?"

"ஆமா மேடம், நான்தான்."

"இப்ப என்ன சொல்றீங்க?"

லிங்கதுரை கையை எடுக்காமலே தலையை நிமிர்த்தினார்.

"காலைல இல்ல. இப்ப இருக்கு" என்றார்.

வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் மலைக்குப் போகும் வண்டிக்காரரே எட்டிப் பார்த்தார். ஜெபக்கனி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்க அண்ணாச்சியாக்கும்!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மும்தாஜ் ஸ்கேனரைக் கொண்டுவந்தார். லிங்கதுரை கையை எடுக்காததால் அவர் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிப் தன் எண்ணைச் சொன்னது. ஒவ்வொரு இலக்கத்தையும் நிறுத்தி, நிதானமாகச் சொன்னது.

"காலையில் சொன்ன அதே எண்தானே?" என்றது ஸ்கேனர். "இப்போது மட்டும் என்ன இத்தனை பெருமை?"

"காலையில் அது வெறும் எண்" என்றது சிப்.