சத்தம் வராத வார்டு

“குரங்கு கையில பூமாலையைக் கொடுத்த கதையாப் போச்சு மேடம். அதான் புடுங்கிட்டேன்.”

வேதமுத்து சபுராவின் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொட்டித் தீர்த்தார்.

பச்சைக் குழந்தைகளின் உடல்நிலையைக் காட்டும் மானிட்டருக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர் அவர். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அது அலறும். அந்தத் தொண்ணூறை டாக்டர்கள் பிள்ளைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளட்டும் என்று ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ என ஒரு பக்கம் வைத்திருந்தார்.

நர்சுகள் அதை அறுபதாக்கி வைத்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் அல்ல, பதினோரு ஆஸ்பத்திரிகளில்.

போன மாதம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார். இனி எல்லா இடத்திலும் தொண்ணூறுதான்.

“நான் செஞ்சது சரியா, தப்பா?”

சபுரா அவரைவிட ஒன்பது வயது சின்னவர். ஆனாலும் தொழிலில் அவருக்கு குரு.

குரு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

காலை பத்தரைக்கு இருவரும் அந்தப் பதினொன்றில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கை கழுவி, மேலங்கி போட்டு, பச்சைக் குழந்தைகள் வார்டுக்குள் போனார்கள். பன்னிரண்டு தொட்டில்கள். ஒரே ஒரு நர்ஸ். செங்கமலம் என்று சட்டையில் பெயர் இருந்தது.

ஓர் அலறல்கூட இல்லை.

வேதமுத்துவின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, எவ்வளவு அமைதி!”

“ஏன் அமைதியா இருக்கு?” என்றார் சபுரா.

வேதமுத்து பக்கத்துத் திரையைப் பார்த்தார். எழுபத்தெட்டு. சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

குனிந்து மானிட்டரின் பின்பக்கம் பார்த்தார்.

சத்தம் வரும் துளைகளில் பஞ்சு. அதன்மேல் பிளாஸ்திரி.

அடுத்ததைப் பார்த்தார். அதிலும். அதற்கடுத்ததிலும்.

அதற்குள் செங்கமலம் வந்து, பிள்ளையின் காலில் நழுவியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் பட்டையை இழுத்துவிட்டாள். எண் தொண்ணூற்றேழுக்கு ஏறியது.

“காலை உதைச்சாலே நழுவிரும் சார். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல.”

“இது கொலை, சிஸ்டர்!”

வேதமுத்து கத்தினார். ஒவ்வொரு மானிட்டராகப் போய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்தார். பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

மூன்றாவது மானிட்டர் அலறியது. அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பிள்ளை திடுக்கிட்டு உதைத்தது. அதன் பட்டையும் நழுவியது. அதுவும் அலறியது. அதைக் கேட்டு இன்னொன்று.

மானிட்டர்களோடு பிள்ளைகளும் சேர்ந்து வார்டே அலறியது.

சபுரா அவர் காதருகே வந்தார்.

“இதுல எந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுது? சொல்லுங்க.”

வேதமுத்து திரை திரையாகத் திரும்பினார். எழுபத்தொன்று. அறுபத்து நாலு. எண்பது. எல்லாம் சிவப்பு. அவர் எழுதிய சாஃப்ட்வேர்தான். அவருக்கே தெரியவில்லை.

செங்கமலம் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. நேராக ஏழாவது தொட்டிலுக்கு ஓடினாள்.

பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஒருக்களித்துப் பிடித்தாள். வாயில் அடைத்திருந்த பாலைக் குழாயால் உறிஞ்சி எடுத்தாள். முதுகைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.



பிள்ளை இருமியது. பிறகு வீரிட்டது.

செங்கமலம் ஒவ்வொரு பட்டையாகச் சரிசெய்துகொண்டு வந்தாள். அலறல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வேதமுத்து இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார்.

“எப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?”

“அவ்வளவு சத்தத்துலயும் அழாம கிடந்தது அது ஒண்ணுதான் சார்.”

அவர் சபுராவைப் பார்த்தார். சபுரா கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேதமுத்து கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கினார்.

“முன்னாடி... அந்தத் தொண்ணூறை எதுக்கு சிஸ்டர் அறுபதாக் குறைச்சு வெச்சீங்க?”

செங்கமலம் கையைத் துடைத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதைக் கேக்க இப்பத்தான் சார் ஒருத்தர் வர்றீங்க.”