ஒரு செம்பு தண்ணீர்

மடத்துச் சாமியாருக்கு வயது நாற்பது. சீடர் அறவாழிக்கு அறுபத்தைந்து. ஓய்வு பெற்ற பொறியாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

மடத்தின் செலவில் பனையடியேந்தல் கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, தெருவெங்கும் குடிநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். பலன் எப்படி என்று பார்த்துவர அறவாழி போனார். அவர் சரி என்றால் சுற்று வட்டாரத்திலும் அதே மாதிரி தோண்டுவதாக ஏற்பாடு.

திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாக் குழாயும் ஓடுது சாமி. வேகம்கூட அளந்துட்டேன். ஊரே திருப்தின்னு சொல்லுது. அடுத்த ஊரைத் தொடங்கிரலாமா?"

"வெயில்ல போனீங்களே, குடிக்க என்ன கொடுத்தாங்க?"

"பதநீர். சொல்லிட்டுப் போனதால தயாரா வச்சிருந்தாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கலர் சோடா. கிளம்பறப்போ மோர். தங்கமான ஜனங்க."

"தண்ணி?"

"தண்ணி யாரும் கொடுக்கலையே சாமி" என்றார் அறவாழி. வாசலுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் நீட்டாத வீடு அந்தச் சீமையில் கிடையாது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி பனையடியேந்தலுக்கு பஸ் ஏறினார். முதல் வீட்டுப் பேச்சியம்மாளிடம், "தாகமா இருக்கும்மா. குழாயில பிடிச்சுக் கொடு" என்றார்.

அவள் கையைப் பிசைந்தாள்.

"அது வேண்டாம்யா, ஒரே உப்பு. ஏனம், பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிறதுக்குப் பழையபடி ஊருணிக்குத்தான் நடக்கோம்."

"அன்னைக்கே சொல்லக் கூடாதாம்மா?"

"தண்ணி வருதான்னு கேட்டீக. வருதே! உப்புன்னு சொல்லி, இதையும் பிடுங்கிட்டுப் போயிட்டீகன்னா?"

அறவாழிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் எத்தனை ஊருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியிருப்பார்! அதே குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்து, நடந்ததைச் சொன்னார்.

"அவங்க பொய் சொல்லலை சாமி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காங்க. இனிமே நான் என்னத்தைக் கேட்கணும்?"

சாமியார் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது, ஆனாலும் விழுங்கிவிட்டார்.

"எதையும் பிடுங்க மாட்டோம்னு முதல்ல பேச்சியம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் அவங்களுக்கு நல்ல தண்ணி தேடுங்க. அது கிடைச்சப்புறம் ஒருநாள் நாம ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாம போய் அவங்க வாசல்ல நிப்போம். நாம வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு செம்பு வந்தா, அன்னைக்கு அடுத்த ஊரைப் பத்திப் பேசலாம்."