குடத்துக்குள் போன மொழி

முன்னொரு காலத்திலே, கடலுக்கு நரை விழாத காலத்திலே, வெண்மணல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக் கப்பல் தச்சன் செங்கோடன், தூரத்துத் தீவிலே பிறந்த லூவானியைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தான்.

வந்த புதிதில் அவளுக்கு அந்த நாட்டு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. மீன்காரியிடம் கேட்டாள், குயவனிடம் கேட்டாள், குளக்கரைப் பிள்ளைகளிடம் கேட்டாள். மீன் வாங்கப் போய் மான் கேட்டாள், சந்தையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி சொல்லிப் பார்த்தாள். போகப் போகத் தாலாட்டுப் பாடும் அளவுக்கு, ஏன், சண்டை போடும் அளவுக்கே தேறிவிட்டாள். ஆனாலும் ஊருக்கு அவள் 'தீவுக்காரி'தான்.

அந்த நாட்டுச் சிம்மாசனத்தின் மேல் மூகன் என்ற மந்திரவாதிக்கு ஆசை. ஒருநாள் செப்புக் குடத்தோடு மலையேறி நின்றான். "தாய் தந்த மொழியே, குடத்துக்குள் வா" என்று மூன்று முறை சொன்னான்.

அவ்வளவுதான். ராஜா வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது. தளபதியால் படையைக் கூப்பிட முடியவில்லை. தாய்மாரால் பிள்ளைகளைக் கூப்பிட முடியவில்லை. மூகன் நிதானமாக நடந்துபோய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான்.

லூவானி பயத்தில் தன் தீவு மொழியில் அம்மாவைக் கூப்பிடப் பார்த்தாள். வரவில்லை. செங்கோடன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். அது வந்தது! தாய் தந்ததைத்தான் மந்திரம் பறித்தது; அவள் பாடுபட்டுக் கற்றதைத் தொட முடியவில்லை.

உடனே செங்கோடன் கையில் செம்பைக் கொடுத்து, "தண்ணீர்" என்றாள். அவன் திக்கித் திக்கித் திருப்பிச் சொன்னான். பிறகு மீன்காரிக்குச் சொன்னாள், குயவனுக்குச் சொன்னாள், குளக்கரைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். ராஜாவும் கூட்டத்தோடு உட்கார்ந்து கற்றார். ஊர் ஒவ்வொரு சொல்லை மீட்டபோதும் குடத்தில் ஒரு கீறல் விழுந்தது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு மூகன் ஓடி வந்தான். மந்திரம் போட்டவன் என்பதால் அவன் பேச்சு மட்டும் போகவில்லை. "உன் தீவு மொழியும் இதற்குள்தான் இருக்கிறது. நீ வாயை மூடிக்கொண்டால் அதை மட்டும் தந்துவிடுகிறேன். உன்னைத் தீவுக்காரி என்று ஒதுக்கியவர்கள்தானே இவர்கள்?"

லூவானியின் கண் நிறைந்தது. "என் அம்மா கூப்பிட்ட செல்லப் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. இந்த வலி தெரிந்த நான் இவர்களை எப்படி இப்படியே விடுவேன்?"

அப்புறம் ஊரைப் பார்த்து அடுத்த சொல்லைச் சொன்னாள்: "வீடு."

"வீடு" என்றது தெரு. "வீடு" என்றது சந்தை. "வீடு" என்றார் ராஜா.

குடம் வெடித்தது. ஊரின் மொழி ஊருக்குத் திரும்பியது. லூவானியின் மொழி லூவானிக்குத் திரும்பியது. மந்திரமெல்லாம் மறந்துபோன மூகன் மலை தாண்டி ஓடியே போனான்.

என்ன வரம் வேண்டுமென்று ராஜா கேட்டார். அம்மாவை அழைத்து வர ஒரு கப்பல் போதும் என்றாள் லூவானி. கப்பல் புறப்பட்டது. அது போய்த் திரும்புவதற்குள் ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்து தீவு மொழி படித்தது.

கப்பல் வந்து சேர்ந்த காலையில் கரை முழுக்க ஜனம். அம்மா இறங்கினதும், "வாருங்கள், நம் வீட்டுக்கு வாருங்கள்" என்று தீவு மொழியிலே எல்லோரும் அழைத்தார்கள்.

அம்மா திகைத்துப் போய் மகளின் கையைப் பிடித்தாள். "இவர்கள் எல்லாம் யாரம்மா, நம் ஆட்களா?"

"ஆமாம் அம்மா," என்றாள் லூவானி. "நம் ஆட்கள்தான்."