நாற்பதாவது திருப்பம்

ஒரு காட்டில், ஆற்றங்கரைப் புற்றுக்குள், கீரியின் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. கதையில் வேருக்குள்ளும் வயர் ஓடும்.

பழைய கம்ப்யூட்டர்தான். பட்டனை அமுக்கிவிட்டு, ஆற்றுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தால்தான் திரையில் வெளிச்சம் வரும். சூடாகிவிடும் என்று அதன் பக்கத்துத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது கீரி. உள்ளே சுற்றும் ஃபேன் வண்டு மாதிரி ரீங்காரம் போடும்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஆற்றில் ஓடம் விடுகிற விளையாட்டு. ஆற்றுக்கு மொத்தம் நாற்பது திருப்பம். திருப்பத்துக்குத் திருப்பம் பாறை, சுழல், முதலை. நாற்பதையும் தாண்டினால் என்ன வரும் என்று அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது.

அதை ஒருவர் மட்டும் ஆட முடியாது. ஒருவர் துடுப்புப் போட வேண்டும், ஒருவர் திசை திருப்ப வேண்டும். கீபோர்டோ ஒன்றுதான். அதனால் வலது பக்கத்து அம்புக்குறிகள் கீரிக்கு. இடது பக்கத்து எழுத்துகள் வாலாட்டிக் குருவிக்கு.

வாலாட்டி இந்தக் காட்டுப் பறவை இல்லை. அதன் ஊர் பனிமலைக்கு அந்தப் பக்கம். ஐப்பசி மழையோடு வரும், பங்குனி வெயிலில் திரும்பிவிடும். கையளவு உடம்பு. ஒரு எழுத்தை அமுக்க வேண்டுமென்றால் இரண்டு காலையும் தூக்கிக் குதித்தால்தான் உண்டு.

"குதி! குதி! பாறை வருது!"

"குதிச்சிட்டுத்தான இருக்கேன்! நீ ஏன் துடுப்பை நிறுத்தினே?"

"நான் எங்க நிறுத்தினேன்? உன் வால் என் கண்ணுல இடிக்குது!"

வெளியே மழை கொட்டும். கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் வெதுவெதுப்பாகக் காற்று வரும். ஒரு திருப்பம் முடிந்ததும் வாலாட்டி அங்கே போய் நின்று, ஈர இறகை விரித்துக் காயவைக்கும். கீரி அதற்குள் ஈசல் வறுத்துக்கொண்டு வரும். தின்றுவிட்டு அடுத்த திருப்பம்.

இப்படிச் சண்டை போட்டுப் போட்டே மூன்று மழைக்காலத்தில் முப்பத்தொன்பது திருப்பம் தாண்டிவிட்டன. நாற்பதாவதில் ஓடம் நுழையும்போது பங்குனி பிறந்துவிட்டது.

"இத்தோட நிறுத்தி வைப்போம்," என்றது வாலாட்டி. "நான் கிளம்பணும். இதை மட்டும் நீ தொடாதே. வந்து சேர்ந்து முடிப்போம்."

"உன்னை விட்டுட்டு நான் தொடுவேனா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

வாலாட்டி பறந்துபோனது.

கீரி நல்ல பிராணிதான். என்ன, அவசரம் கொஞ்சம் அதிகம்.

சித்திரையில் அணில் வந்து எட்டிப் பார்த்தது. அது பெருமைக்கார அணில்.

"என்னப்பா, இது இன்னும் ஓடுதா?"

"ஓடுதே. நல்லாத்தான் ஓடுது."

"எங்க வீட்டுல பட்டனைத் தொட்டா போதும், திரை வந்து நிக்கும். உள்ள லைட்டு வேற எரியும். பச்சை, நீலம், ரோசு." அணில் மீசையைத் தடவிக்கொண்டது. "உன் ஃப்ரெண்டு மலையெல்லாம் தாண்டிப் பறந்து வருது. வந்த விருந்தாளிகிட்ட, போய் முகம் கழுவிட்டு வா, அதுக்குள்ள கம்ப்யூட்டர் வந்துடும்னு சொல்லுவியா?"

அந்தப் பேச்சு கீரிக்குச் சுருக்கென்று தைத்தது. 'ஐப்பசிக்குள்ளே எல்லாம் புதுசாக்கிடணும்' என்று முடிவு செய்துவிட்டது.

காட்டில் கம்ப்யூட்டர் சாமான் கொடுப்பது அண்டங்காக்கை. எங்கிருந்து கொண்டு வருகிறாய் என்றால், "ஊருக்குள்ளருந்து" என்று மட்டும் சொல்லும். ஆனால் சாமான் சுத்தம். ஏமாற்றாது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதுசு ஒன்று கொடுத்தால் பழசை வாங்கிக்கொள்ளும். அதோடு ஒரு வாரம் அதன் மரத்தடியில் பாம்புக்குக் காவல் இருந்து கொடுக்க வேண்டும். மேலே கூட்டில் முட்டை இருந்தது.

"அக்கா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணும். லைட்டு எரியற மாதிரி."

"எதுக்கு தம்பி?"

"படம் நல்லாத் தெரியணும்."

"இப்ப தெரியலையா?"

"தெரியுது. இன்னும் தெரியணும்."

காக்கை கொண்டு வந்து மாட்டியது. பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு அணைந்துபோனது.

"கார்டு பெரிய சாப்பாட்டுக்காரன் தம்பி. உன் பவர் சப்ளை சின்னது. பந்தியில பத்துப் பேரை உக்கார வச்சிட்டு ஒரு படி அரிசி போட்டா ஆகுமா?"

"அப்ப அதையும் மாத்து."

மாற்றியது. கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் வேகம் வரவில்லை.

"கார்டு ஓடுது, பிராசசர் நடக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணா ஊர் போய்ச் சேரும்?"

"அதையும் மாத்து."

புதுப் பிராசசர் பழைய போர்டில் உட்காரவில்லை. போர்டை மாற்றியது. புதுப் போர்டில் பழைய ரேம் நுழையவில்லை. ரேமை மாற்றியது. வேட்டி புதுசு வாங்கினால் சட்டை பழசாகத் தெரியும், சட்டை புதுசானால் செருப்பு பழசாகத் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. காக்கையின் அலகுக்கு ஒரு தடவைக்கு ஒரு சாமான்தான் தூக்க முடியும். ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாகப் போனது. கீரியும் வாரம் வாரமாகக் காவல் இருந்தது. வைகாசி போய் ஆனியும் பாதி போய்விட்டது.

"இவ்வளவு மாத்தியும் தொடங்கறதுக்கு ஏன் அக்கா நேரமாகுது?"

"டிஸ்க்கு பழசு தம்பி. நீ சேத்து வச்சதெல்லாம் அதுலதான் இருக்கு. தேடித் தேடி எடுத்துக் கொடுக்குது, பாவம். புதுசு போட்டா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"போட்டுடு!"

காக்கை பழைய டிஸ்க்கைக் கழற்றி அலகில் தூக்கியது. என்ன நினைத்ததோ, மறுபடியும் கீழே வைத்தது.

"தம்பி, இதுல எடுத்து வச்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு. இருந்தா புதுசுக்கு மாத்திக் கொடுத்துடறேன். ஒரு பகல் ஆகும்."

"ஒரு பகலா?" கீரிக்குப் புது டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. "பழைய குப்பைதான் அக்கா. தூக்கிட்டுப் போ."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்க என்ன இருக்கு? நீ புதுசைப் போடு முதல்ல!"

காக்கை புதுசை மாட்டிவிட்டுப் பழசைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

பிறகு திரையும் கீபோர்டும் மாறின. கடைசியில் பழைய தகரப் பெட்டி. அதைப் பத்துக் காக்கை சேர்ந்து கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போயின.

மிச்சக் காவலுக்குக் கீரி மரத்தடியில் படுத்திருந்தது. மேலே குஞ்சுகள் பொரித்துப் பெரிதாகிவிட்டன. "குதி! குதி!" என்று அதுகள் கத்துவது கீழே கேட்டது. பறக்கப் பழகுகின்றன போலிருக்கிறது என்று கீரி நினைத்துக்கொண்டது. வாலாட்டியும் இப்படித்தானே குதிக்கும் என்று நினைத்து, தனக்குள் சிரித்தும் கொண்டது.

புரட்டாசியில் புதுக் கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது. கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சை, நீலம், ரோசு. சத்தமே இல்லை. எல்லாரும் வந்து பார்த்து "அடேயப்பா!" என்றார்கள், போனார்கள். கீரி ஓடம் விடுகிற விளையாட்டை மட்டும் தேடவில்லை. தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்ததல்லவா?

ஐப்பசியில் மழை இறங்கியது. மழையோடு வாலாட்டியும் வந்து இறங்கியது.

"வா, வா! கண்ணை மூடிக்க. இப்பத் திற!"

"ஏ அப்பா! இது யாரோடது?"

"நம்மளோடதுதான். உனக்காகத்தான்."

வாலாட்டி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அதற்கு உண்மையிலேயே சந்தோஷம். நனைந்த இறகை விரித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்பக்கம் போய் நின்றது. சற்று நேரம் நின்றுவிட்டு வந்தது.

"காத்து குளுகுளுன்னு வருது."

"புதுசு சூடே ஆகாது!" என்றது கீரி பெருமையாக.

"நல்லது, நல்லது," என்ற வாலாட்டி, இறகை உதறிவிட்டுக் கீபோர்டின் இடது பக்கம் போய் நின்றது. "சரி, எடு நம்ம ஓடத்தை. மலை ஏறும்போதும் அதே நெனப்பு, இறங்கும்போதும் அதே நெனப்பு. நாப்பதாவது திருப்பத்துல இடது கைப் பக்கம் சுழல் இருக்கும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு."

கீரி தேடியது. அங்கே பார்த்தது, இங்கே பார்த்தது. புது விளையாட்டு நூறு இருந்தது. ஓடம் இல்லை.

அப்போதுதான் அதற்கு உறைத்தது.

"என்ன?" என்றது வாலாட்டி.

"டிஸ்க்கு..."

"டிஸ்க்குக்கு என்ன?"

"அதுலதான் இருந்திருக்கு. நான்... குப்பைன்னு சொல்லிட்டேன்."

வாலாட்டி கீபோர்டிலிருந்து கீழே இறங்கியது. அது ஏதாவது திட்டியிருந்தால் கீரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யார்கிட்ட இருக்கு?" என்றது வாலாட்டி.

"காக்கா அக்காகிட்ட."

"அப்ப வா. இன்னும் ஏன் நிக்கிறே?"

இரண்டும் மழையிலேயே ஓடின. மரத்துக்கு நடுவில் பெரிய பொந்து. உள்ளே ஒரே கூச்சல். காக்கை எதையும் தனியாகத் தின்னாது, உங்களுக்குத் தெரியும். விளையாட்டையும் அது தனியாக வைத்துக்கொள்ளவில்லை. சொந்தம் பந்தம் எல்லாவற்றையும் கரைந்து கூப்பிட்டிருந்தது. நடுவில், பக்கத்துத் தகடு கழற்றி வைத்தபடி, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு, கீரியின் பழைய கம்ப்யூட்டர் நின்றது. கொடுத்த சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தனையையும் காக்கை மறுபடி ஒன்றாகச் சேர்த்திருந்தது.

"வா தம்பி! வாம்மா குருவி, நனைஞ்சிருக்கியே!" என்றது காக்கை. "நீ ஒவ்வொண்ணாக் கொடுத்தே. கொடுத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஆகட்டுமேன்னு மாட்டி வச்சேன்."

"அக்கா, அந்த ஓடம்... நாப்பதாவது திருப்பம்..."

கீபோர்டின் மேல் நின்ற பெரிய குஞ்சு திரும்பிப் பார்த்தது.

"அதுவா மாமா? அதை முந்தாநாளே முடிச்சிட்டோம்!"

"முடிச்சிட்டீங்களா?"

"முதல்ல ஏழு தடவை கவுந்துட்டோம். இடது கைப் பக்கம் ஒரு சுழல் இருக்கு, அதுதான் மோசம். அப்புறம் தாண்டிட்டோம். தாண்டினதும் ரெண்டு பேரு எழுதி வந்துச்சு. 'கீரியும் வாலாட்டியும் வென்றார்கள்'னு. அது யாருன்னே எங்களுக்குத் தெரியல."

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆட்டம் தொடங்கிய அன்றைக்கு, பெயர் கேட்ட இடத்தில் இரண்டும் அடித்து வைத்த பெயர்கள் அவை. வாலாட்டி அன்று 'லா' வருவதற்குள் நாலு தடவை தப்பாகக் குதித்திருந்தது.

"அதை இன்னொரு தடவை காட்ட முடியுமா?" என்றது கீரி.

"முடியாது மாமா. ஒரு தடவைதான் வந்துச்சு. இப்ப மறுபடியும் முதல் திருப்பத்துல நிக்குது."

காக்கை கீரியின் முகத்தைப் பார்த்தது, குருவியின் முகத்தைப் பார்த்தது. அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான் கேட்டேனே தம்பி."

"கேட்டீங்க அக்கா. நான்தான் பாக்கல."

"வேணும்னா எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கீரி கம்ப்யூட்டரைப் பார்த்தது. பின்பக்கத்து வெதுவெதுப்பில் நாலு குஞ்சுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. கீரி தலையை ஆட்டியது. வேண்டாம் என்றுதான்.

வாலாட்டி மெல்லத் தத்திப் போய், விழித்திருந்த குட்டிக் குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நீ பாத்தியா, கடைசியில வந்ததை?"

"பாத்தேன் அத்தை."

"என்ன வந்துச்சு? சொல்லு."

"கடல் வந்துச்சு. ஆறு அகலமாகி, அகலமாகி, அப்புறம் கரையே காணோம். ஓடம் தானாப் போச்சு. யாரும் துடுப்புப் போட வேண்டாம், குதிக்க வேண்டாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு பாட்டு வந்துச்சு."

கீரியும் கிட்டே வந்து உட்கார்ந்தது. "எப்படி இருந்துச்சு அந்தப் பாட்டு?"

குஞ்சு கழுத்தை நிமிர்த்திப் பாடிக் காட்டியது. காக்கைக் குரல். மேலே போக வேண்டிய இடமும் கீழே இறங்க வேண்டிய இடமும் அதற்கு ஒன்றாகவே வந்தது. மற்ற குஞ்சுகள் சிரித்தன.

கீரியும் வாலாட்டியும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டன.

"இன்னொரு தடவை பாடு," என்றது வாலாட்டி.

நீதி: பழையதைக் கையை விட்டுக் கொடுக்குமுன், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கொடு.