செந்நாயின் தொண்டையில் நின்ற பெயர்

அந்தக் காலத்தில் மேற்கு மலையின் உச்சியில் பனி உருகுவதே கிடையாது. இப்போது மார்கழியில் புல் மேல் கொஞ்சம் உறைபனி படிந்தாலே நாம் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறோம். அன்றைக்கு ஓடையும் பாறையும் மரமும் வருஷம் முழுக்க விறைத்துக் கிடந்தன. விலங்குகள் பேசின. எல்லாவற்றிலும் நன்றாகப் பேசியது செந்நாய்தான். யார் குரல் வேண்டுமோ அந்தக் குரலில் பேசும். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து, "எங்க மாமன் மாதிரி இருமிக் காட்டு" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

உச்சியில் சில குடிசைகள் இருந்தன. ஒன்றும் விளையாத அந்த ஊருக்குச் சோறு போட்டதே செந்நாய்கள்தான். அவை கடமானை விரட்டி வீழ்த்தும். மனிதர்கள் கைதட்டிக்கொண்டே போய், "பங்கு உண்டா?" என்று கேட்பார்கள். "உண்டு" என்று நாய்கள் விலகி நிற்கும். ஒரு பின்னங்காலை அறுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஈரலைத் தொடவே கூடாது, அது குட்டிகளுக்கு. பதிலுக்கு, புலி வந்தால் மனிதர்கள் தீப்பந்தம் பிடித்து விரட்டுவார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை.

பிறகு ஒரு கெட்ட வருஷம் வந்தது. கடமான்கள் எல்லாம் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டன. மலையே பட்டினி கிடந்தது.

ஒரு காலையில், ஓடைக்கு அப்பால் கக்கி என்ற கிழவி நின்றபடியே விறைத்துப் போயிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மறுநாள் அவள் மகன், "அம்மா கூப்பிடறா" என்று எழுந்து போனான். அவனும் திரும்பவில்லை. அவன் குரல் அவனுடைய சேக்காளி பெள்ளனைக் கூப்பிட்டது. பெள்ளன் விறகு கட்டிக்கொண்டிருந்தவன், கயிற்றை அப்படியே போட்டுவிட்டு நடந்தான். மனைவி நஞ்சி அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். மாட்டை இழுத்த மாதிரிதான் இருந்தது. அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான்.

புருஷனைப் பறிகொடுத்தவள் அழுது முடிப்பதற்குள் பனிமூட்டத்திலிருந்து அவன் குரலே வந்தது.

"நஞ்சி... ஏ புள்ள நஞ்சி... வா..."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. விறைக்கிறவர் கடைசியாக யார் பெயரைச் சொல்கிறாரோ, அடுத்த அழைப்பு அவருக்குத்தான். பெள்ளன் சாகும்போது அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவள் சாகும்போது யார் பெயரைச் சொல்வாள்? வேறு யார் பெயரை? மடியில் கிடக்கிற மகள் மசினியின் பெயரைத்தான்.

கால் தானாக எழுந்தது. எழுந்த காலை அவளால் உட்கார வைக்க முடியவில்லை. கையாவது தன் சொல் கேட்கிறதே என்று, ஒரு சட்டியில் தணலை அள்ளிக்கொண்டாள். மசினியைத் தூக்கித் தம்பி கொரமனிடம் கொடுத்தாள். பனி கடித்து இடது காதில் பாதியை இழந்தவன் அவன்.

"இவளப் பாத்துக்கடா."

"போகாத அக்கா," என்றான் கொரமன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குனிந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டான்.

பனிமூட்டத்துக்குள் குரல் வந்த பக்கமாக அவள் போனாள். பெள்ளன் நின்றிருந்தான், கண்ணிமை வெளுத்து, வாய் திறந்து. அவனைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கால் நிற்கவில்லை. அவனைத் தாண்டி ஒரு பாறை இடுக்கு. அங்கே ஒரு தாய்ச் செந்நாய் நின்றது. அதன் கண்ணில் பனிக்கட்டி மூடியிருந்தது. விலாவில் மூச்சு இல்லை. அது செத்து வெகுநாள் ஆகியிருந்தது. காலடியில் குட்டிகள் கல்லாகக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தாயின் வயிற்றடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

செத்த வாயிலிருந்து பெள்ளனின் குரல் வந்தது.

"நஞ்சி, என் குட்டிகளுக்கு வெச்சிருந்த கடைசி ஈரலை ஒருத்தன் எடுத்துட்டான். பங்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவன் பேரு எனக்குத் தெரியாது. தெரியாததால எல்லாரையும் கூப்பிடறேன்."

"ஆள் எப்படி இருந்தான்?" நஞ்சிக்குப் பல் தந்தியடித்தது.

"இடது காதுல பாதி இல்ல."

நஞ்சிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அடுத்த நொடி ஆத்திரம் வந்தது. அவன் ஒரு வாய் தின்றதற்கா என் புருஷன் மரமாக நிற்கிறான்? கூடப் பிறந்தவன் என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தேனே!

சட்டியில் தணல் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. கால் விரல்கள் ஏற்கெனவே அவளுடையவையாக இல்லை.

"பேரைச் சொல்லு," என்றது அந்த வாய். "இல்லன்னா உன் வாயில தானா வர்ற பேரைக் கூப்பிட்டுக்கறேன்."

நாக்கு நுனியில் மசினியின் பெயர் வந்து நின்றது. நஞ்சி அதை விழுங்கினாள்.

"கொரமன்," என்றாள்.

நஞ்சியின் காலைப் பிடித்திருந்த பிடி விட்டது. செத்த தலை ஊர்ப் பக்கம் திரும்பியது. இந்த முறை வந்தது நஞ்சியின் குரல். "கொரமா... டேய் கொரமா... வாடா..." தன் குரல் அவ்வளவு பிரியமாக இருக்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

கொரமன் ஓடியே வந்தான். தோளில் போர்வை கிடந்தது.

"கூப்பிட்டியா அக்கா? மசினியப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடியாந்தேன். குளிருதா? இந்தா." போர்வையை அவள் மேல் சுற்றினான். அதற்குப் பிறகுதான் நாயைப் பார்த்தான். ஓடப் பார்க்கவில்லை.

"ஏன்டா தின்ன?" என்று கத்தினாள் நஞ்சி.

"நான் எங்க தின்னேன், அக்கா?" அவனுக்கு முழங்கால் வரை பனியேறி வெளுத்துவிட்டது. "மசினி மூச்சுப் பேச்சில்லாம கெடந்தா. நீ அழுதுக்கிட்டே இருந்த. கேட்டா குடுக்காதுன்னு கேக்காமலே எடுத்துட்டேன். சுடுதண்ணியில கரைச்சுக் கஞ்சியா உன் கையில குடுத்தேன். எந்திரிச்சு உக்காந்தா இல்ல?"

அந்தக் கஞ்சியை ஊதி ஊதிக் குழந்தைக்கு ஊட்டியது நஞ்சியின் கைதான். தணல் சட்டியை அவன் காலடியில் கவிழ்த்தாள். வெறும் சாம்பல் கொட்டியது. அவனைக் கட்டிக்கொண்டாள், தேய்த்தாள், பெயர் சொல்லி அழுதாள். குளிர் அவன் கழுத்துக்கு ஏறியது. அவன் சிரித்த முகமாகக் கடைசி வார்த்தைக்கு வாய் திறந்தான்.

அது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேண்டாம்டா!"

"மசினி," என்றான் கொரமன். அப்படியே நின்றுவிட்டான்.

செந்நாயின் வாய் அந்தப் பெயரைச் சொல்லத் திறந்தது. நஞ்சி இரண்டு கையாலும் பனியை அள்ளி அதன் தொண்டைக்குள் திணித்தாள். முழங்கை வரை உள்ளே விட்டு இடித்து இடித்து அடைத்தாள். பெயர் வெளியே வரவில்லை. மிச்சமிருந்த காற்று மட்டும் பனி இடுக்கில் மெல்லிய சீழ்க்கையாக வந்தது. வயிற்றடியில் கிடந்த குட்டி அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தது. அதற்கும் சீழ்க்கைதான் வந்தது.

நஞ்சி வெகுநேரம் அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியின் போர்வையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, வெறும் தோளோடு மகளிடம் நடந்தாள்.

அன்று முதல்தான் செந்நாய் பேச்சை மறந்து சீழ்க்கை அடிக்கிறது. தொண்டையில் நின்றுபோன அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கத்தான் இன்னமும் பார்க்கிறது. அதற்கு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதென்றுதான் மலைக்காரர்கள் காட்டுக்குள் தாம் பெற்ற பிள்ளையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.