நின்று திரும்பும் நெஞ்சு

"குருவம்மா, நாளைக்குக் காலையில அவ இதயத்தை நிறுத்தப் போறாங்க."

சொல்லிவிட்டு மாசிலாமணி ஈரமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி செல்லக்கனிக்கு இதய வால்வு பழுது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரைக்கு ஓடி வந்திருந்தார்.

குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருகாலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். இப்போது கடலோரத்தில் தனியாக இருந்தார். தேடி வருகிறவர்களோடு பேசுவார். சில நாள் பேசாமலே அனுப்பிவிடுவார்.

"நிறுத்திட்டு?"

"மெஷின் ரத்தத்தை ஓட்டுமாம். வால்வை மாத்தினதும் திரும்ப ஓட விடுவாங்களாம். ஓடலேன்னா?"

குருவம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். பாறைகளுக்கு நடுவே தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கினார். மாசிலாமணியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"இந்த இறாலைப் பாருங்க. இதயம் உண்டு. ஆனா ரத்தம் குழாய்க்குள்ளேயே அடங்கி ஓடாது. உடம்புக்குள்ள பரவி, எல்லாத்தையும் நனைச்சிட்டுத் திரும்பும்."

"சரி."

"மீன் இதயத்துல ரெண்டு அறை. தவளைக்கு மூணு. நமக்கு நாலு. ஆக்டோபஸுக்கு இதயமே மூணு. அது நீந்துறப்போ அதுல ஒண்ணு நின்னுடும்."

"நின்னுடுமா?"

"நீந்துறதை விட்டதும் திரும்ப அடிக்கும்."

"அது அதோட வழக்கம், குருவம்மா. செல்லக்கனிக்கு வழக்கமில்லையே!"

குருவம்மா ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் விரல் நீளத்துக்கு, கண்ணாடிப் பைபோல ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

உள்ளே மெல்லிய குழாய் ஒன்று துடித்தது. துடிப்பு கீழிருந்து மேலே அலைபோல ஏறியது. மாசிலாமணி எண்ணத் தொடங்கினார்.

நாற்பத்தொன்றில் நின்றுபோனது.

"குருவம்மா, நின்னுபோச்சு!"

"ம்."

"ஏதாவது செய்யுங்களேன்!"

குருவம்மா கல்லை அப்படியே பிடித்திருந்தார். மாசிலாமணி பூதக்கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

குழாய் லேசாகச் சுருங்கியது. மறுபடியும் சுருங்கியது. இப்போது அலை மேலிருந்து கீழே இறங்கியது.

"ரத்தம் எதிர்ப்பக்கமா ஓடுது..."

"அதோட இதயம் அப்படித்தான். கொஞ்ச நேரம் இந்தப் பக்கம். நிக்கும். அப்புறம் அந்தப் பக்கம்."

மாசிலாமணி கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு முறை நின்றது, ஓடியது. அதற்கப்புறமும் நின்றது, ஓடியது. வெயில் உச்சிக்கு ஏறி முதுகைச் சுட்டது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஓடிடுது. அடுத்த தடவை ஓடாமப் போயிட்டா? எத்தனை தடவை பார்த்தா எனக்கு இந்தப் பயம் போகும், குருவம்மா?"

குருவம்மா அவர் கையிலிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அக்காவோட இதயம் இந்த நிமிஷம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஆமா."

"அது பக்கத்துல யாரு இருக்கா?"