உப்பளத்தில் மறைப்பு கட்டிய அன்னக்கனியார்

அம்மனுக்குப் பூத்தொடுத்த அடியார் உண்டு. விளக்கிட்டவர் உண்டு. கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்கியே கரையேறியவர்களும் உண்டு. கரைகாத்த அம்மனின் அடியாராகிய அன்னக்கனியார் செய்த தொண்டோ, சபையில் எடுத்துச் சொல்லப் பலருக்கு நாக்குக் கூசும். கூசுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும். எனக்குக் கூச்சமில்லை, அந்த அம்மையாரை நினைத்தால் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

அன்னக்கனியார் உப்பளத்துக் கூலி. ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கும் உப்பைக் கூடையில் சுமந்துபோய்க் கரையில் அம்பாரமாகக் கொட்டுவது பெண்களின் வேலை. முப்பது வருஷம் சுமந்ததில் அவருக்கு உச்சந்தலையில் முடி முளைப்பதே நின்றுவிட்டது. பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. தினமும் முதல் கூடையிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வரப்பில் வைப்பார். "ஆத்தா, ஒம் பங்கு" என்பார். அதுதான் அவருக்குத் தெரிந்த பூசை.

உப்பளம் வெட்டவெளி. ஒளிய ஒரு புதர் கிடையாது. ஆண்களுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றால் காரியம் முடிந்தது. பெண்கள் என்ன செய்வார்கள்? விடியுமுன் ஒரு முறை, பொழுது சாய்ந்தபின் ஒரு முறை. இடையில் அந்தக் கொளுத்தும் வெயிலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் அடக்க வேண்டுமே. அரை மைல் தள்ளி உடைமரக் காடு ஒன்று இருந்தது. அங்கே தனியாகப் போகிறவளின் பின்னாலேயே எவனாவது போவான். இரண்டு பெண்கள் சேலை கிழிந்து திரும்பி வந்த பிறகு, அந்தப் பக்கம் போவதையும் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அவருடைய ஒரே மகள் பூரணமும் அந்த அளத்தில்தான் சுமந்தாள். ஏழாம் மாதத்தில் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் கண்டு, வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். "தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சு உள்ள எல்லாம் புண்ணாப் போயிருக்கும்மா" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதை அன்னக்கனியார் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வீடு வந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் கோயிலுக்குப் போய், "என் மவளக் காப்பாத்தல. சரி. மத்தவளுவளையாவது காப்பாத்துறதுக்கு எனக்குத் தெம்பு குடு" என்று கேட்டார். அழுதுகொண்டேதான் பனையோலை வெட்டினார்.

அளத்தின் தென்மூலையில் ஒரு மேடு. அங்கே நான்கு கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டி, உள்ளே குழி வெட்டி, ஒரு தொட்டியில் கழுவத் தண்ணீர் வைத்தார். மறைப்பு என்று அதற்குப் பெயர். வெளியே குடிதண்ணீர்ப் பானை. தண்ணீரை ஒன்றரை மைல் இடுப்பில் சுமந்து வருவார். கூடை இறக்கும் ஒவ்வொருத்தியையும் பிடித்து நிறுத்தி, "குடிட்டி, குடிச்சிட்டுப் போ" என்பார். குழியைத் துப்புரவு செய்வதும் அவரே. அளத்து ஆண்கள் அவருக்கு மூத்திரக்கோயில் பூசாரிச்சி என்று பட்டம் கட்டினார்கள். "ஆமாய்யா, சம்பளமில்லாத பூசாரிச்சி" என்று சிரித்துவிட்டுப் போவார். ஆறு வருஷம் இப்படி நடந்தது. அந்த ஆறு வருஷத்தில் நீர்க்கடுப்பால் அங்கே ஒருத்தியும் சாகவில்லை.

தங்கபுஷ்பம் என்பவள் அவருக்குப் பக்கத்து வீடு. அண்ணி முறை வைத்து மைனி, மைனி என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள். ஒரு கோடையில் அவள் அம்பாரத்தடியில் மயங்கி விழுந்தபோது, அன்னக்கனியார்தான் தோளில் போட்டு ஊர்வரை சுமந்தார். ஒன்பது நாள் பக்கத்திலேயே இருந்து கரண்டி கரண்டியாகக் கஞ்சித்தண்ணீர் புகட்டினார். எழுந்து உட்கார்ந்ததும் அவள், "ஊரே ஒம்ம எதுத்து நின்னாலும் நான் ஒம்ம பக்கம் நிப்பேன் மைனி" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதை நான் சந்தேகப்படவில்லை.

புதிதாக வந்த கங்காணி வேலாண்டிக்கு மறைப்பு கண்ணை உறுத்தியது. பெண்கள் ஒதுங்கப் போவதில் வேலை கெடுகிறது என்று முதலாளியிடம் ஓதினான். ஒருநாள் ஓலைத் தட்டிகளைப் பிடுங்கி எறிந்தான். அன்னக்கனியார் நேரே முதலாளியிடம் போனார்.

"இது ஒமக்கு மட்டும் வேண்டிய காரியம். மத்தப் பொம்பளைய யாரும் எங்கிட்ட வந்து கேக்கலியே?" என்றார் முதலாளி.

"முப்பது பேருக்கும் வேணும் மொதலாளி. கேட்டுப் பாருங்க."

"கேப்போம். செவ்வாக்கெழம அம்மன் முன்னால சூடம் அணைச்சுச் சொல்லட்டும்."

அன்னக்கனியார் சந்தோஷமாகத் திரும்பினார். அம்மன் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்த ஊரில் பேச்சில்லை. பொய்ச்சத்தியம் செய்தவள் குடும்பம் விளங்காது என்பது அங்கே பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துணிச்சல் யாருக்கு வரும் என்று அவர் நம்பினார். இதற்குள் வேலாண்டி வீடு வீடாகப் போய், மறைப்பு வேண்டும் என்கிறவளுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தது அவருக்குத் தெரியாது. அப்படி ஏதாவது நடந்தால் தங்கபுஷ்பம் வந்து சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை உச்சிப் பூசை முடிந்தது. முதல் ஆளாகத் தங்கபுஷ்பத்தைத்தான் கூப்பிட்டார்கள். அன்னக்கனியார் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பார்க்கவில்லை.

"எங்களுக்கு மறைப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாங்க யாரும் அங்க போறதில்ல. மைனிதான் வா வான்னு தொந்தரவு செய்வாவ." சொல்லிவிட்டுப் படீரென்று சூடத்தை அடித்தாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். பூசாரி உச்சிமாகாளி சூடம் வைத்து வைத்துக் கை சலித்துப் போனார். முப்பது பேரும் அன்னக்கனியார் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தவர்கள்தான். இனி அன்னக்கனி அளத்து எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று முதலாளி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். இதை எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது. அந்த அம்மையாருக்கு எப்படி இருந்திருக்கும்?

எல்லாரும் போனபின் அவர் சந்நிதியில் நின்றார். "நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒம் மூஞ்சிக்கு நேரா முப்பது பொய். வாயத் தொறந்தியா நீ?" என்று அம்மனையே ஏசினார். ஏசி ஓய்ந்தபின் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். எழுந்து புறப்படும்போது இதையும் சொன்னார்: "அவளுவ வயித்துப்பாட்டுக்குச் சொன்னாளுவ. அந்தப் பொய்க்கு என்ன தண்டனை உண்டோ, அத எந்தலையில போடு. பிள்ளகுட்டிக்காரிய, விட்டுரு."

மறுநாள் காலை அளத்துக்குப் போகும் சாலையில், எல்லைக் கல்லுக்கு வெளியே, ஒரு தண்ணீர்ப் பானையோடு அவர் நின்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். தங்கபுஷ்பம் சாலையின் மறு ஓரத்துக்கு மாறி நடந்தாள். யாரும் குடிக்கவில்லை. மாலையில் நிறைபானையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். விறகு பொறுக்கி விற்று அரைவயிறு கஞ்சி குடித்தார். நாற்பத்தொரு நாள் இப்படியே போயிற்று. அந்த மறு ஓரம்தான் அவரை உயிரோடு கொன்றது. பட்டினி இல்லை.

அவ்வூரில் வருஷம் ஒருமுறை அம்மன் சப்பரத்தில் ஏறி அளத்தைப் பார்க்க வருவாள். நாற்பத்திரண்டாம் நாள் அந்தத் திருநாள். காலையில் புறப்பட்ட சப்பரம் நல்ல வெயிலில் தென்மூலைக்கு வந்தது. மறைப்பு இருந்த மேட்டின் எதிரே நின்றது. பன்னிரண்டு பேர் தூக்கிய சப்பரம். ஓர் அடி நகரவில்லை. தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். தோள் மாற்றிப் பார்த்தார்கள். முதலாளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தாயே, என்ன கொற வச்சேன்?" என்று கும்பிட்டார்.

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. தங்கபுஷ்பத்துக்கு அருள் வந்துவிட்டது. தலைமுடி அவிழ, உடம்பு உதற, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலையில இருந்து வெயில்ல நிக்கேம்ல! சுத்தி ஆம்பளைய. நானும் பொம்பளதானல? ஒதுங்க எனக்கு எங்கல எடம்?"

முதலாளியை நோக்கித் திரும்பினாள்.

"என் மவ எனக்குக் கட்டி வச்ச எடத்தப் பிடுங்கிட்டு, என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டியா? முப்பது பொம்பளையப் பொய் சொல்ல வச்சியே, அந்தப் பொய்க்குத் தண்டனை ஒனக்குல! எங்க என் மவ?"

முதலாளி எல்லைக் கல்லுக்கு ஓடினார். அன்னக்கனியார் பானையருகே நின்றுகொண்டிருந்தார். "உள்ள வாங்கம்மா" என்று முதலாளி கைகூப்பியதற்கு, "ஆத்தா முன்னால சொன்ன சொல்லு மொதலாளி. நான் தாண்டமாட்டேன்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். சப்பரம் பூப்போலக் கனமற்றுப் போயிருந்தது. வழக்கமான பாதையை விட்டுவிட்டு, அது எல்லைக் கல்லைத் தாண்டிச் சாலைக்கு வந்து, அந்தத் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் தானே நின்றது. தாண்டாதவரைத் தேடித் தாய் தாண்டி வந்தாள்.

கூடவே ஆடிவந்த தங்கபுஷ்பம் பானையைத் தூக்கி முகமெல்லாம் வழியக் குடித்தாள். குடித்து முடித்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அருள் இறங்கிவிட்டது.

"மைனி, பேசுனது ஆத்தாளா நானான்னு எனக்கே தெரியல" என்று தேம்பினாள்.

அன்னக்கனியார் அவள் கையிலிருந்த பானையை வாங்கி வைத்தார். "பேசுனது யாரா வேணாலும் இருக்கட்டும். தண்ணி குடிச்சது நீதான். போ, ஒதுங்கிட்டு வா."

பூசாரி உச்சிமாகாளி சப்பரத்தின் பட்டுத்திரையை அவிழ்த்தார். அம்மனுக்கு அலங்காரம் செய்யும்போது யாரும் பார்க்காமல் மறைக்கும் திரை அது. தென்மேட்டில் நான்கு கம்பு நட்டு அதைச் சுற்றிக் கட்டினார். அன்று முப்பது பெண்களும் அந்தப் பட்டுக்குள் ஒதுங்கி வந்தார்கள். அடுத்த வாரமே முதலாளி அங்கே செங்கல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வேலாண்டி அந்த ஊரில் அதற்குப் பிறகு தென்படவில்லை.

அன்னக்கனியார் எல்லாரையும் மன்னித்து முன்போலவே இருந்தார் என்று முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அடியார் கதையில் பொய் சேர்க்கலாகாது. அம்மனே தாண்டி வந்தபின் அந்தத் தடை ஏது? மறுபடி அளத்தில் சுமந்தார், மறுபடி தண்ணீர் கொண்டுவந்தார், தங்கபுஷ்பத்துக்கும் குடிக்கக் கொடுத்தார். ஆனால் மத்தியானக் கஞ்சியை மட்டும் கடைசி நாள்வரை தனியே உட்கார்ந்துதான் குடித்தார். அம்மனும் அவரை அதற்காகக் கோபித்ததாகத் தெரியவில்லை.

தம்மைக் கைவிட்டவர்களின் தாகத்தைக் கைவிடாத அன்னக்கனியாரின் வெடித்த பாதங்களை என் தலைமேல் வைத்துக்கொள்கிறேன்.